அந்த ஆறு மாதம் எங்கே?

‘தி ஃப்ளாஷ்’ தொடரை எழுதியவர்களுக்கும், இன்று புதிய சூப்பர்ஹீரோ தொடர்களை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

போன மாதம் எங்கள் நர்ஸிங் ஹாஸ்டல் அறையில் நாலு பேர் உட்கார்ந்து உங்கள் தொடரின் நான்காவது சீசன் முதல் எபிசோடைப் பார்த்தோம். மூன்று பேருக்கு அது முதல் தடவை. எனக்கு இரண்டாம் தடவை. மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷான பேரி ஆலன் கண்ணாடிச் சிறையை உடைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த ஜூனியர் பெண் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, “அப்பாடா, இனிமேதான் கதை ஆரம்பிக்கும்” என்றாள்.

அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்படி நினைக்கும்படி எழுதியவர்கள் நீங்கள்.

மூன்றாவது சீசன் 2017 மே 23 அன்று முடிந்தது. வில்லன் சவிட்டார் செத்துவிட்டான். ஆனால் அவனை அடைத்து வைத்திருந்த, வேகக்காரர்களுக்குச் சக்தி தரும் ஸ்பீட் ஃபோர்ஸுக்குள் இருந்த சிறை காலியாகிவிட்டதால் சென்ட்ரல் சிட்டியை மின்னல் புயல் நொறுக்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் உள்ளே போனால்தான் ஊர் பிழைக்கும். பேரி போனான். அந்த சீசன் முழுக்க அவன் காதலி ஐரிஸ் சாகப்போகிறாள் என்ற பயத்தில்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். குழுவில் ஒருவரான எச்.ஆர். தன் உயிரைக் கொடுத்து அவளைக் காப்பாற்றினார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனும் அவள் கண்ணெதிரே ஒளிக்குள் நடந்து போய்விட்டான். போகும்போது, நீ தொடர்ந்து ஓடு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த எபிசோட் வந்தது அக்டோபர் 10 அன்று. நாங்கள் 140 நாள் காத்திருந்தோம். கதைக்குள் ஆறு மாதம் ஓடியிருந்தது. திரையைத் திறந்தால் குழுவின் தளமான ஸ்டார் லேப்ஸில் ஐரிஸ் உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பொறியாளன் சிஸ்கோவும், பேரியைப் போலவே ஓடக்கூடிய அவள் தம்பி வாலியும் களத்தில் இருக்கிறார்கள், போலீஸ்காரரான அவள் அப்பா ஜோவும் கூட. குழுவின் மருத்துவர் கெய்ட்லின் அங்கே இல்லை, ஒரு பாரில் வேலை பார்க்கிறாள். குழுவில் இருந்த ஜூலியன் ஊரைவிட்டே போயாயிற்று. அதாவது ஒரு குழு உடைந்து, மிச்சமிருந்தவர்கள் அதை ஒட்டவைத்து, புதிய ஒருத்தி பொறுப்பெடுத்து, அவள் குரலுக்கு மற்றவர்கள் பழகி, ஒரு ஊரை ஆறு மாதம் காப்பாற்றியிருக்கிறார்கள். இவ்வளவும் எங்களுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது! சில நிமிடங்களில் சாமுராய் உருவத்தில் ஓர் இயந்திரம் வந்து இறங்குகிறது. உண்மையான ஃப்ளாஷைக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஊர் அழியும் என்கிறது. அந்த எபிசோட் முடிவதற்குள் பேரி வந்துவிடுகிறான்.

ஆறு மாதத்துக்கு நீங்கள் கொடுத்தது ஒரு எபிசோடில் பாதி. அந்த சீசனில் மொத்தம் 23 எபிசோடுகள் இருந்தன.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இது உறைக்கவில்லை. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேரி வந்ததும் நானும் கை தட்டினேன். அதற்குப் பிறகு என் வேலையிலேயே ஓர் ஆறு மாதம் வந்தது. அதனால்தான் இந்த முறை கை தட்ட முடியவில்லை.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு ஐ.சி.யூ.வில் நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் இன்சார்ஜ் அக்கா இருபது வருஷ அனுபவம் உள்ளவர். மானிட்டர் கத்துவதற்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து எழுந்துவிடுவார். எந்த டாக்டரை எத்தனை மணிக்கு எந்தக் குரலில் எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் ட்யூட்டி முடிந்து போகும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு மாத லீவு. அடுத்தபடி சீனியர் நான்தான் என்பதால் மருந்து அலமாரிச் சாவி என் கைக்கு வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

முதல் வாரம் நாங்கள் வேலை பார்த்தோம் என்று சொல்ல முடியாது. அவரை எதிர்பார்த்துக்கொண்டு நின்றோம். எது நடந்தாலும் எல்லாருடைய தலையும் அவருடைய காலி நாற்காலிப் பக்கம் திரும்பும். “அக்கா இருந்தா என்ன செய்வாங்க?” என்பதுதான் எங்கள் எல்லாக் கேள்விக்கும் முதல் வரி. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்க ஆரம்பித்தது. ட்யூட்டி டாக்டர் கீழே கேஷுவால்டியில் இருந்தார். நாலு நர்ஸ்கள் இருந்தோம். நாலு பேரும் படுக்கையருகே ஓடினோம். ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அது எப்போதும் அக்கா செய்கிற வேலை, அதனால் அது வேறு யாருடைய வேலையாகவும் இல்லாமல் போயிருந்தது. எத்தனை நொடி வீணானது என்று நான் எண்ணவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். நான் அன்றைக்குக் காலை பஸ்ஸில் அழுதுகொண்டே ஹாஸ்டலுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த ஷிப்டிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஆள் பிரித்தேன். யாருக்காவது மோசமானால் இவள் தலைமாட்டில், இவள் நெஞ்சில், இவள் அவசர மருந்துகள் வைக்கும் கிராஷ் கார்டில், இவள் போனில். ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன். அக்கா இருந்தபோது அந்தச் சீட்டு தேவைப்பட்டதே இல்லை. அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். அவர் தலைக்குள் இருந்ததையெல்லாம் நாங்கள் காகிதத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போதுதான் அவர் இத்தனை வேலையைத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் செய்த சில விஷயங்களை வேறு விதமாகவும் செய்யலாம் என்று தெரிந்ததும் அப்போதுதான். கிராஷ் கார்டில் மருந்துகளை அவர் அடுக்கிய வரிசை அவர் கைக்கு வசதியானது. புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சரிப்படவில்லை. மூன்றாம் மாதம் மாற்றினோம். மாற்றும்போது எனக்குக் கை நடுங்கியது.

எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, நாலாம் மாதமாக இருக்கலாம். ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அன்றைக்கு முழுக்க ஒருத்தியும் “அக்கா இருந்தா” என்று ஆரம்பிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் அவருக்கு ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரியும் இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இந்த ராத்திரியைத்தான். சிஸ்கோ முதல் முறையாக “பேரி இருந்தால்” என்று ஆரம்பிக்காமல் ஒரு திட்டம் சொன்ன நாள் எது? ஐரிஸ் சொன்னதை வாலி முதல் முறை மறுபேச்சில்லாமல் கேட்ட நாள் எது? அதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்காமல் போனான்? அவள் கொடுத்த முதல் தப்பான உத்தரவு என்ன, அதில் யாருக்கு அடிபட்டது? பேரி இருந்தவரை அந்தக் குழுவின் பாதித் திட்டம் “ஓடு” என்பதுதான். மற்றவர்கள் ஓடுகிறவனுக்குக் காதில் வழி சொன்னார்கள். அவன் போன பிறகு கையில் இருந்தது அனுபவம் குறைந்த ஒரு வேகக்காரன், வாசல் திறக்கத் தெரிந்த ஒரு பொறியாளன், துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு போலீஸ்காரர், சக்தி எதுவும் இல்லாத ஒரு பத்திரிகைக்காரி. இவர்கள் சண்டை போடும் விதமே மாறியிருக்க வேண்டும். பேச்சு மாறியிருக்கும். யார் முதலில் பேசுவது என்பதுகூட மாறியிருக்கும். இதையெல்லாம் எழுதக் கையில் வைத்துக்கொண்டு, “ஆறு மாதத்துக்குப் பிறகு” என்று தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பேரி வெளியே வருவதுதான் அந்த சீசனின் சூழ்ச்சிக்கே சாவி. அவன் வெளிவந்த கணத்தில் ஒரு பஸ்ஸில் இருந்தவர்கள்மேல் டார்க் மேட்டர் பாய்ந்து அவர்களுக்குச் சக்தி வருகிறது. அந்த சீசனின் வில்லன் டிவோ திட்டமிட்டது அதைத்தான். சாமுராயை அனுப்பியதும் அவன்தான். சரி, பேரி வந்தே தீர வேண்டும். ஆனால் முதல் எபிசோடிலேயே வர வேண்டும் என்று யார் சொன்னது? நான்காவது எபிசோடில் வந்திருந்தால் டிவோவின் கதைக்கு என்ன குறைந்திருக்கும்? இன்னும் கூர்மையாகத்தான் இருந்திருக்கும். தலைவன் இல்லாமல் நிற்கக் கற்றுக்கொண்ட ஒரு குழுவை, அதன் ஏக்கத்தைத் தொட்டே ஒருத்தன் ஏமாற்றினான் என்றால் அது எவ்வளவு பெரிய அடி! அவர்கள் நிற்கக் கற்றுக்கொண்டதை நாங்கள் பார்க்கவே இல்லை என்பதால் அந்த அடி எங்கள்மேல் விழவில்லை.

ஐரிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “இவள் இந்தக் குழுவில் எதற்கு?” என்று கேட்கிற ரசிகர்கள் நிறைய பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாலு பேர் அறையிலும் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஆறு மாதத்தில் இருந்தது. தன் துக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்து, தம்பியையும் அப்பாவையும் ஆபத்துக்குள் அனுப்பி, அவர்கள் திரும்பி வரும்வரை குரலில் நடுக்கம் தெரியாமல் பேசுவது எப்படிப்பட்ட வேலை என்று காட்டியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. அந்த முதல் எபிசோடில் ஒரு காட்சி இருக்கிறது. பேரியை மீட்கலாம் என்று சிஸ்கோ சொல்லும்போது ஐரிஸ் வேண்டாம் என்கிறாள். பார்ப்பவர்களுக்கு அவள் கல்நெஞ்சக்காரி மாதிரி தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. நம்பிக்கை வைத்து அது பொய்யானால் இரண்டாம் தடவை எழுந்து நிற்க முடியாது, தன்னாலும் முடியாது, தன்னைப் பார்த்து நிற்கிற மற்றவர்களாலும் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஐரிஸாக நடித்த கேண்டிஸ் பேட்டன் அதை முகத்தில் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த ஆறு மாதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

அதே சீசனின் பதினாறாவது எபிசோடில், 2018 மார்ச்சில், பேரியின் வேகத்தை ஒரு நாளைக்கு ஐரிஸுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். அவளும் ஓடினாள், ஊரைக் காப்பாற்றினாள். அதை அவளுக்குச் செய்த மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். அவள் ஓடாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆறு மாதம் காப்பாற்றியதைக் காட்டியிருந்தால் அந்த ஓட்டத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

அப்புறம் வாலி. ஃப்ளாஷ் இல்லாத ஊரில் ஆறு மாதம் ஓடிக்கொண்டிருந்தவன் அவன். சாமுராய் இயந்திரம் அவனைப் பார்த்து நீ ஃப்ளாஷ் இல்லை என்று ஒதுக்கியது. அது வில்லன் அனுப்பிய இயந்திரம், அப்படித்தான் பேசும். ஆனால் கதையும் அதையே செய்தது. மூன்றாவது எபிசோட் முடிவில் அவன் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அதற்குக் காதல் முறிவைக் காரணமாக வைத்தீர்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஆறு மாதம் ஒருத்தனுடைய இடத்தில் நின்றவன், அந்த ஆள் திரும்பி வந்த மறுநாள் காலையில் எழுந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பான்? எங்கள் ஐ.சி.யூ.வில் இன்சார்ஜ் அக்கா வந்தபிறகு வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டுப் போன பெண் ஒருத்தி இருக்கிறாள். யாரும் அவளை விரட்டவில்லை. அவளுக்கு என்று இருந்த வேலை ஒரே நாளில் காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கூட்டத்துக்கு இதை எழுதத் தெரியாது என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தெரியும். இதே உலகத்துக் கதையான ‘ஆரோ’ தொடரின் மூன்றாவது சீசனில் வில்லன் ராஸ் அல் கூல், குழுத் தலைவன் ஒலிவர் க்வீனைக் குத்தி மலையிலிருந்து தள்ளினான். 2014 டிசம்பர் 10 அன்று அது ஒளிபரப்பானது. அதற்குப் பிறகு 2015 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 4 வரை மூன்று எபிசோடுகள் அந்தக் குழு தலைவன் இல்லாமல் நின்றது. மூன்றே எபிசோடுதான். ஆனால் அந்த முதல் எபிசோடில் கூட்டாளி டிகிள் ஒலிவரின் பச்சை உடையைப் போட்டுக்கொண்டு நின்றதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. சொந்த உடையில் போனால் திருடனுக்குப் பயம் வராது, செத்தவனுடைய உடையில் போனால்தான் வரும். அந்தத் துணிக்குள் அவர் எவ்வளவு அசௌகரியமாக இருந்திருப்பார்! கணினி முன்னால் உட்கார்ந்து குழுவுக்கு வழி சொல்லும் ஃபெலிசிட்டி இன்னும் ஒரு படி மேலே போனாள். டிகிளும் குழுவின் இன்னொரு வீரன் ராயும் பிரிக் என்ற ரவுடித் தலைவனைத் துரத்திக்கொண்டு போகும்போது, இன்னொருவரையும் இழக்க முடியாது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வழியை அடைத்துவிட்டாள். எதிரி தப்பினான். கோபமாகக் கத்தினார்கள். அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே நடந்தாள். அடுத்த எபிசோடில்தான் திரும்பி வந்தாள். தலைவனை இழந்த குழுவில் பயம் எப்படி உத்தரவாக மாறும் என்பதற்கு அதைவிட நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை. ஏழாம் படுக்கைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன். எதற்கெடுத்தாலும் “வேண்டாம், டாக்டர் வரட்டும்” என்பேன்.

வக்கீல் லாரல், செத்துப்போன தன் தங்கை சண்டையில் போட்டிருந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டதும் அப்போதுதான். கிளேட்ஸ் என்ற ஏழைப் பகுதியின் மக்கள் குழுவோடு சேர்ந்து தெருவில் இறங்கி பிரிக்கின் ஆட்களை எதிர்த்ததும் அந்த மூன்று எபிசோடுகளுக்குள்தான். ஒலிவர் கடைசியில் வந்தபோது, நீங்கள் இந்த ஊரைக் கைவிடவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். வந்தவன் வாயால் அந்த வார்த்தை வந்தது. அதுவே பெரிய விஷயம்.

‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ இதைவிட நன்றாகச் செய்தது. 2016 அக்டோபரில் இரண்டாவது சீசன் தொடங்கியபோதே குழுத் தலைவன் ரிப் ஹண்டரைக் காணாமல் போகச் செய்தார்கள். அவர்களுடைய காலக்கப்பல் வேவ்ரைடரின் கேப்டன் நாற்காலியில் சாரா லான்ஸ் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பல எபிசோடுகள் ரிப் இல்லாமலேயே ஓடின. திரும்பி வந்தபோது அவனுக்குத் தான் யார் என்பதே நினைவில்லை. பிறகு எதிரிகள் அவனைத் தங்கள் ஆளாக மாற்றினார்கள். கடைசியில் புத்தி தெளிந்து வந்தபோது நாற்காலியில் சாரா இருந்தாள், அந்தக் கப்பல் அவளுடைய கப்பலாகியிருந்தது. ரிப் அதைப் பார்த்தான், ஒத்துக்கொண்டான், அந்த சீசன் முடிவில் கிளம்பிப் போனான். அந்தத் தொடர் 2022இல் நிற்கும்வரை சாராதான் கேப்டன். யாரும் ரிப்பை மறக்கவில்லை, அவனைச் சின்னவனாக்கவும் இல்லை. சாரா பிழை செய்து பிழை செய்து கேப்டன் ஆவதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம், அவ்வளவுதான். ‘தி ஃப்ளாஷ்’ இருக்கும் அதே உலகத்துக் கதை அது. அங்கே செய்ததை இங்கே ஏன் செய்யவில்லை?

நீங்கள் செய்த ஒரு நல்லதையும் மறைக்க விரும்பவில்லை. நான்காம் சீசனின் இரண்டாவது எபிசோடில் பேரி உற்சாகமாக எல்லாத் திட்டத்தையும் தானே போடுகிறான், ஐரிஸ் உத்தரவு கொடுக்க வாய் திறப்பதற்குள் ஓடிவிடுகிறான். இருவரும் ஆலோசகரிடம் போகிறார்கள். அங்கே அவள், நீ என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று உடைகிறாள். அந்த ஒரு நிமிடம் உண்மை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அதைச் சுற்றி இருந்ததெல்லாம் சிரிப்புக் காட்சி. அவள் ஆறு மாதம் தலைமை தாங்கியது, இருவருக்கு நடுவிலான மனஸ்தாபமாகச் சுருங்கிவிட்டது. அது குழுவின் கதை. ஆலோசகர் அறையில் சிஸ்கோவும் ஜோவும் வாலியும் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் அக்கா திரும்பி வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். கைத்தடி ஊன்றி வந்தார். கேக் வெட்டினோம். சீனியர் டாக்டர் ஒருவர் எல்லார் முன்னாலும், “அப்பாடா, இன்னிக்குத்தான் ஐ.சி.யூ.வுக்கு உயிர் வந்துச்சு” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதம் நாங்கள் உயிரில்லாமலா இருந்தோம் என்று ஒரு கேள்வி உள்ளே வந்து நின்றது. சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நைட் ஷிப்டில் அவரும் நானும். இரண்டு மணி சுமாருக்கு வார்டு அமைதியானதும் அவர் ரிப்போர்ட் புத்தகங்களை இழுத்து மேஜையில் வைத்துக்கொண்டார். முதல் மாதத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஏழாம் படுக்கை நாளைக்கு வந்ததும் நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிராஷ் கார்ட் பக்கம் போய், “இந்த வரிசை எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடு” என்றார். இருபது வருஷம் அனுபவம் உள்ளவர், கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு டிராயராகத் திறந்து என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பேரிக்கு அப்படி ஓர் இரவை நீங்கள் எழுதவில்லை. உலகத்திலேயே வேகமானவன், ஒரு நொடியில் அந்த ஆறு மாதக் கோப்பு மொத்தத்தையும் படித்திருக்கலாம். அவன் மெதுவாகப் படித்திருக்க வேண்டும். ஐரிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “இங்கே என்ன ஆச்சு?” என்று ஒவ்வொரு பக்கமாகக் கேட்டிருக்க வேண்டும்.

தொடர் 2023 மே மாதம் 184 எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. இனி கேட்டு என்ன பயன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன.

முதலாவது, அந்த ஆறு மாதக் கதையைச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் முடியாது என்றால் காமிக்ஸாகவோ ஒலி நாடகமாகவோ சொல்லலாம். பேரி அதில் ஒரு பக்கத்தில்கூட வர வேண்டாம். வாலி நீ ஃப்ளாஷ் இல்லை என்று ஒதுக்கப்படுவதற்கு முன்னால் இருந்த நாட்களும், கெய்ட்லின் ஏன் விலகி நின்றாள், அவளைக் கூப்பிட யாராவது போனார்களா என்பதும், ஐரிஸ் முதன்முதலாக அந்த மைக் முன்னால் உட்கார்ந்த இரவும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அடுத்து எழுதும் எந்தத் தொடரிலும் தலைவனைக் குழுவிலிருந்து எடுத்தால் குறைந்தது நான்கு எபிசோடு அவனைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். கனவிலும் பழைய நினைவிலும்கூட வேண்டாம். நடிகருக்கு ஒப்பந்தம் இருக்கும், விளம்பரத்துக்கு அவர் முகம் தேவைப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ‘லெஜண்ட்ஸ்’ அதைச் சமாளித்தது.

மூன்றாவது, அவன் இல்லாதபோது அவன் இடத்தில் நின்றவரை, அவன் வந்த மூன்றாவது எபிசோடில் ஊரைவிட்டு அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அவர் போவதற்கு அந்த நாட்களே காரணம் என்று அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

நான்காவது, திரும்பி வருகிறவன் ஓடுவதற்கு முன்னால் உட்கார வேண்டும். தான் இல்லாத நாட்களில் என்ன நடந்தது, யார் யாருக்கு அடிபட்டது, எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று அவன் கேட்கிற காட்சியை எழுதுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஐ.சி.யூ. நைட் ஷிப்டிலிருந்து ஒரு நர்ஸ்